வந்தவாசி முகவரியில் ஒரு பிரஷர் பம்ப்

ஜூலை 18, வியாழன்

ஓசூரிலிருந்து சௌமியா பேசினாள். ஏழாம் மாதம் நடக்கிறது. ஆடி கழிந்து, ஒன்பதாம் மாதம் பிறந்ததும் வளைகாப்பு. அன்றைக்கே இங்கே அழைத்து வந்துவிட வேண்டும்.

"அம்மா, மாடி பாத்ரூம்ல கெய்சர் போட்டா சொட்டுச் சொட்டாத்தானே வரும்? இந்த வயித்த வெச்சுக்கிட்டு என்னால குனிஞ்சு வாளியில மொண்டு குளிக்க முடியாது" என்றாள்.

தொட்டி மாடி அறைக்கு நேர் மேலே, தளத்தோடு தளமாக உட்கார்ந்திருக்கிறது. உயரம் இல்லாததால் தண்ணீருக்கு வேகம் இல்லை. கீழே சமையலறையில் நன்றாக வரும். பிரஷர் பம்ப் வைத்தால் சரியாகிவிடும் என்று ஐந்தாறு வருடமாக எல்லோரும் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரரிடம் கேட்டால், "இருக்கறது போதாதா? அது வேற ராத்திரி பகல்னு கத்திக்கிட்டே இருக்கும்" என்பார். இன்றும் அதையே சொன்னார். ஆடியில் எதற்குப் புதுப் பொருள் என்றும் சேர்த்துச் சொன்னார்.

பள்ளி அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் வேலை. பதினேழு எழுதினேன்.

ஜூலை 20, சனி

பள்ளி அரை நாள். வரும் வழியில் காந்தி ரோட்டில் இறங்கி மோட்டார் கடைக்குப் போனேன். வீட்டில் இரண்டு பாத்ரூம், தொட்டி ஆயிரம் லிட்டர் என்றேன். கடைக்காரர் சின்னதாக, பச்சை நிறத்தில் ஒன்றைக் காட்டினார். குழாயைத் திறந்தால் தானே ஓடும், மூடினால் தானே நிற்கும்.

வாரண்டி பதிய போன் நம்பர் கேட்டார். எல்லாவற்றுக்கும் வீட்டுக்காரர் நம்பரைத்தான் கொடுப்பேன். இதற்கும் கொடுத்தேன். கடைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நீங்க நம்ம பழைய கஸ்டமரா மேடம்? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே மாடல் வாங்கியிருக்கீங்களே. ஏகாம்பரம், பதினாலு, பஜனை கோயில் குறுக்குத் தெரு, வந்தவாசி. இதையும் அங்கயே மாட்டிடலாமா?"

பெயர் என் வீட்டுக்காரருடையதுதான். இல்லை, காஞ்சிபுரம் என்று சொல்லி வீட்டு முகவரியைக் கொடுத்தேன். வாரண்டி அட்டை கம்பெனியிலிருந்து தபாலில் வரும், மாட்டுவதற்குத் திங்கள்கிழமை ஆள் வருவார் என்றார்.

அரிசி ஆலை இயந்திரங்களுக்கு உதிரி பாகம் விற்கிற கம்பெனியில் அவருக்கு வேலை. திங்கள், செவ்வாய், புதன் வந்தவாசி, செய்யாறு பக்கம் ஆலைகளுக்குப் போவார், அங்கேயே தங்குவார். வியாழனிலிருந்து இங்கே அலுவலகம். வந்தவாசியில் கம்பெனி எடுத்திருக்கிற தங்கும் இடமாக இருக்கும்.

சாயங்காலம் அவர் கேட்டார். "கடையில எதுக்கு என் நம்பரைக் குடுத்த? மெசேஜ் வந்திருக்கு."

"எல்லாத்துக்கும் உங்க நம்பர்தானே குடுப்பேன்."

"இனிமே உன்னுதைக் குடு."

சரி என்றேன்.

ஜூலை 21, ஞாயிறு

கூழ் காய்ச்சினேன். அவர் இரண்டு சொம்பு குடித்தார்.

ஜூலை 22, திங்கள்

அவர் ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். நான்கு சட்டை இஸ்திரி போட்டு வைத்தேன். இத்தனை வருடத்தில் அங்கிருந்து அழுக்குச் சட்டை ஒன்றுகூட வந்ததில்லை. எல்லாம் துவைத்து மடித்தே வரும். தங்கும் இடத்தில் துவைத்துக் கொடுக்கிறார்கள் என்பார்.

கடையிலிருந்து முனிரத்தினம் வந்தார். நாற்பது வயது இருக்கும், காக்கிச் சட்டை. மாடிக்குப் போய்த் தொட்டியிலிருந்து இறங்குகிற குழாய்களைத் தட்டிப் பார்த்தார்.

"சமையக்கட்டு லைன் அப்டியே இருக்கட்டும்மா. பாத்ரூம் லைன்ல மட்டும் பம்ப வெச்சுடலாம். கரண்ட் இல்லாத நேரத்துல சும்மா தண்ணி வர்றதுக்குப் பக்கத்துலயே ஒரு பைபாஸ் வுடணும். பிளக் பாயின்ட் ஒண்ணு மேல இழுத்து வெச்சிடுங்க. வியாழக்கெயம வந்து முடிச்சித் தர்றன்."

எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

பிளக் பாயின்ட் வைத்தாகிவிட்டது. மழையில் நனையாமல் இருக்க மேலே தகர மூடி.

ஜூலை 25, வியாழன்

பம்ப் மாட்டியாகிவிட்டது.

முனிரத்தினம் பத்து மணிக்கு வந்தார். வீட்டுக்காரரும் இருந்தார், அலுவலகத்துக்குத் தாமதமாகப் போவதாகச் சொல்லி. நான் டீ எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். முனிரத்தினம் குழாயை அறுத்துக்கொண்டிருந்தார். என் பின்னாலேயே அவரும் வந்தார், எங்கே வைக்கிறார்கள் என்று பார்க்க.

முனிரத்தினம் தலையைத் தூக்கிப் பார்த்து, "சார், நீங்களா!" என்றார். "வந்தவாசியில அந்த பம்ப் நல்லா ஓடுதா சார்? நான்தான மாட்டுனேன். ஞாபகம் இல்ல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அது எங்க மேனேஜர் வீடு. வாங்கிக் குடுக்கச் சொன்னாரு" என்றார்.

"மேனேஜர் வூடா?" என்றார் முனிரத்தினம். ரம்பத்தை எடுத்து விட்ட இடத்திலிருந்து அறுக்க ஆரம்பித்தார்.

அவர் உடனே அலுவலகம் கிளம்பிவிட்டார்.

வெட்டிய குழாயின் வாயில் பசை தடவி, அழுத்திப் பிடித்து, முப்பது வரை எண்ண வேண்டும். ஒரு பக்கத்தை என்னைப் பிடிக்கச் சொன்னார் முனிரத்தினம். நான் எண்ணினேன். முப்பது தாண்டியும் பிடித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. "வுட்ருங்க அக்கா, ஒட்டிக்கிச்சி" என்றார். அதுவரை அம்மா என்று கூப்பிட்டவர்.

குழாயில் காற்று அடைத்திருந்தது. ஒரு திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினார். அதன் பிறகு மாடி பாத்ரூமில் ஷவரைத் திறந்தால் தண்ணீர் எதிர்ச் சுவர் வரை அடித்தது.

போகும்போது வாசலில் நின்றார். "அக்கா, நான் எதுனா தப்பாப் பேசிட்டனா?"

"இல்லையே. ஏன்?"

"இல்ல, சும்மா கேட்டன்."

ஜூலை 26, வெள்ளி

பம்ப் தானாக ஓடுகிறது. யாரும் குழாயைத் திறக்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மேலே உர் என்று ஒரு சத்தம். ஐந்து நொடி. பிறகு நின்றுவிடுகிறது.

அவர், "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றார்.

ஜூலை 29, திங்கள்

முனிரத்தினத்துக்குப் போன் செய்தேன். எங்கேயோ ஒழுகுகிறது, சின்ன ஒழுக்காக இருந்தாலும் பம்ப் அதைக் கண்டுபிடித்து ஓட ஆரம்பித்துவிடும் என்றார். ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியுமாம்.

நான்கு சட்டை இஸ்திரி.

ஜூலை 31, புதன்

மோட்டார் கடையிலிருந்து போன், முனிரத்தினத்திடம் நான் கொடுத்திருந்த என் நம்பருக்கு. வாரண்டி அட்டையை கம்பெனி பழைய முகவரிக்கே அனுப்பிவிட்டதாம், மன்னிக்க வேண்டுமாம், வேறு அட்டை வரவழைத்துத் தருகிறாராம்.

வேண்டாம், நானே போய் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு எதற்கு வீண் சிரமம்.

வெள்ளிக்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியை, "அம்சவேணி, நீங்க லீவா? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

காலை எட்டே கால் பஸ். அவர் இங்கே அலுவலகத்துக்குப் போன பிறகு கிளம்பினேன். உட்கார இடம் கிடைத்தது. பத்து மணிக்குள் வந்தவாசி.

பஜனை கோயில் குறுக்குத் தெரு பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். பதினான்காம் எண் இளநீல வீடு. வாசலில் பெரிய கோலம், செம்மண் இட்டிருந்தது. கொடியில் ஒரு பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. பெண் பிள்ளையுடையது, ஒன்பது பத்து வயது அளவு. பக்கத்தில் அவருடைய கோடு போட்ட சட்டை.

கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பது இருக்கலாம். தலைக்குக் குளித்து முடியை நுனியில் முடிந்திருந்தாள். கழுத்தில் தையல் டேப் மாலை மாதிரி தொங்கியது. பம்ப் கம்பெனி அட்டை மாறி வந்துவிட்டது, காஞ்சிபுரத்திலிருந்து வருகிறேன் என்றேன்.

"ஐயையோ, இதுக்காகவா இம்மாந் தூரம் வந்தீங்க? ஒரு போன் போட்டிருந்தா அவரு கையில குடுத்து அனுப்பியிருப்பனே. அவரு வாரத்துல பாதி நாளு அங்கதான் இருப்பாரு. உள்ள வாங்கக்கா."

உள்ளே போனேன். கூடத்தில் சுவரோரம் மனை போட்டு, அதன்மேல் ஒரு புதுப் புடவையை மடித்து வைத்து, மஞ்சள், குங்குமம், பூச்சரம் வைத்திருந்தது. முன்னால் தலைவாழை இலை. பூவாடைக்காரிப் படையல். குடும்பத்தில் பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த பெண்ணை நினைத்துப் படைப்பது. எங்கள் அம்மா வீட்டிலும் உண்டு.

"யாருக்கு?" என்று கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரரோட மூத்த சம்சாரம். பன்னெண்டு வருசம் ஆச்சி. பிரசவத்துல போயிட்டாங்களாம். நான் பாத்ததில்ல. அவரு இதப் பத்திப் பேசவே மாட்டாரு. பேசுனா சோறு எறங்காது. அதான் அவரு இல்லாத வெள்ளிக்கெயமையாப் பாத்துப் படைப்பன். ஒரு பொம்பள வாழ்ந்துட்டுப் போன எடத்துல வந்து உக்காந்திருக்கன் இல்லையா? அவங்களக் கும்புடாம எப்பிடி?"

"அவங்க பேரு என்ன?"

"அம்சவேணி."

அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அதில் அவர் பெயர், இந்த முகவரி. பைக்குள் வைத்துக்கொண்டேன்.

புடவை கடுகு மஞ்சள். அரக்குக் கரை. "இந்தக் கலருதான் அவங்களுக்குப் புடிக்குமாம். ஒரு தபா நான் கேட்டுக் கேட்டு அவரு வாயில இருந்து வாங்குனன்" என்றாள். எனக்கு அந்த நிறம் பிடிக்கும்தான். இருபத்தெட்டு வருடத்தில் அவர் எனக்கு அந்த நிறத்தில் ஒன்று எடுத்ததில்லை. அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

புடவைக்குப் பக்கத்தில் ஒரு சட்டை இருந்தது. வெள்ளையில் பச்சைப் புள்ளி, பையன் சட்டை.

"அது?"

"அவங்க கொயந்தைக்கு. ஆம்பளப் புள்ளயாம். அதுவும் தங்கல. மொத வருசம் கைக்கொயந்தை அளவுக்குத்தான் தெச்சன். அடுத்த வருசமும் அதே அளவுல வெட்ட ஒக்காந்தா மனசு கேக்கலக்கா. புள்ள வளரும் இல்ல? அப்பறம் இருந்திருந்தா அந்த வருசம் என்ன வயசோ அந்த அளவுக்குக் கூட்டித் தெக்கிறன். இது பன்னெண்டு வயசு அளவு. படைச்சிட்டு, தெருவுல அந்த வயசுல யாரு இருக்காங்களோ குடுத்துடுவன்."

சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். காஜா எல்லாம் கையால் தைத்திருந்தாள். சுத்தமான தையல்.

கிளம்புகிறேன் என்றேன். விடவில்லை. "படையல் நேரத்துல சுமங்கலியா வாசலத் தேடி வந்திருக்கீங்க. அவங்களே வந்தாப்பல இருக்கு. நீங்க சாப்புடாம போனா எனக்கு மனசு ஆறாது." கற்பூரம் காட்டிவிட்டு, அந்த இலைக்கு முன்னால் என்னை உட்கார வைத்தாள். சாதம், சாம்பார், முருங்கைக்கீரை, வடை, பாயசம். எல்லாவற்றையும் சாப்பிட்டேன். சாம்பாரில் உப்பு கொஞ்சம் குறைவு. சொல்லவில்லை.

"உங்க பேரு கேக்கலையே?" என்றாள்.

"சௌந்தரி" என்றேன். ஏன் அந்தப் பெயர் வந்தது என்று தெரியவில்லை. அவள் பெயர் மேகலா.

வரும்போது அவள் வீட்டில் குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்டேன். கை கழுவத் திறந்தபோதே பார்த்தேன், நன்றாகத்தான் வருகிறது. "சூப்பரா வருது. நான் கேக்கவே இல்ல. பொண்ணு தல குளிக்கக் கஷ்டப்படுதுன்னு அவரே வாங்கியாந்து மாட்டுனாரு" என்றாள்.

மூன்று மணிக்கு வீடு. ராத்திரிக்கு உப்புமா.

ஆகஸ்ட் 3, சனி

பள்ளிக்குப் போனேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

முனிரத்தினம் வந்தார். ஒழுக்கு மாடிக் கழிவறையின் பிளஷ் தொட்டியில். உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்து போயிருக்கிறது, தண்ணீர் நூல் மாதிரி கோப்பைக்குள் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. வெளியே ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

"எத்தினி வருசமா ஒழுவுதோ அக்கா. பம்ப் இல்லன்னா தெரிஞ்சே இருக்காது" என்றார்.

ரப்பரை மாற்றிய பிறகு சத்தம் இல்லை.

வீட்டுக்காரர் கடைக்குப் போய்க் கறி வாங்கி வந்தார். சமைத்தேன்.

எனக்குப் பையன் பிறந்தது பன்னிரண்டு வருடம் முன்னால், இதே மாதக் கடைசியில். இரண்டு நாள் இருந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததால் தூக்கவில்லை. அவரும் அவர் தம்பியும் எடுத்துப் போனார்கள், எங்கே என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது தொட்டில் துணியைக்கூட யாரோ எடுத்து வைத்துவிட்டிருந்தார்கள். அதன் பிறகு இந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும்தான். ஒரு வருடம் போல நான் எதைப் பற்றியுமே அதிகம் பேசவில்லை என்று சௌமியா சொல்வாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

காலையில் சொல்லிவிட்டேன். தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் மேஜையில் இருந்தார்.

"போன வெள்ளிக்கெழம வந்தவாசி போயிருந்தேன்."

"எதுக்கு?"

"வாரண்டி கார்டு அங்க போயிடுச்சு. மேகலா குடுத்தா."

அடுத்த தோசையையும் ஊற்றித் திருப்பிப் போட்டேன்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

அதைத்தான் முதலில் கேட்டார்.

"இல்ல. எனக்குப் படையல் போட்டிருந்தா. சாப்பிட்டுட்டு வந்துட்டேன்."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று தோள் அசைவில் தெரிந்தது. "அந்த வருஷம் நீ என்கிட்ட ஒரு வார்த்தை பேசல அம்சா. வீட்டுக்குள்ள வந்தா பொணத்துகூட இருக்கற மாதிரி இருந்துச்சு. அங்க யாரோ கேட்டாங்க. பொண்டாட்டி இல்லைன்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் மாத்த முடியல."

"எனக்குப் புள்ள செத்துப்போச்சு. அதான் பேசல."

"எனக்கும்தானே செத்தான்."

அது உண்மைதான். அடுப்பை அணைத்தேன்.

"திங்கக்கெழம போறீங்கல்ல, நான் உசுரோட இருக்கேன்னு அவகிட்ட சொல்லிடுங்க. நீங்க சொல்லலைன்னா புதன்கெழம நான் போய்ச் சொல்லுவேன்."

"சௌமியா பிரசவம் முடியட்டும் அம்சா. கையெடுத்துக் கும்புடறேன். இந்த நேரத்துல வேணாம்."

"நான் செத்ததுக்கும் ஒரு பிரசவத்தத்தான் காரணம் சொன்னீங்க" என்றேன்.

தோசை மூன்று அப்படியே இருந்தது. எறும்பு வரும் என்று மூடி வைத்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

அவர் போனார். சட்டை இஸ்திரி போடவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மாலையில் அவரிடமிருந்து போன். சொல்லிவிட்டாராம். அவள் ஒன்றும் கேட்கவில்லையாம். அவர் துணிகளை ஒரு பையில் போட்டு வாசலில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாளாம். செய்யாற்றில் ஆலை முதலாளி ஒருவரின் அறையில் இருக்கிறாராம்.

"நான் இப்ப எங்க வர்றது அம்சா?" என்று கேட்டார்.

"இங்க இப்ப வேணாம்" என்றேன்.

ஆகஸ்ட் 14, புதன்

சௌமியாவிடம் நானே சொன்னேன். ஆஸ்பத்திரியில் வைத்து யாரோ சொல்லி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. மாப்பிள்ளையைப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, ஆரம்பத்திலிருந்து சொன்னேன்.

"நீ எப்படிம்மா இருக்க?" என்றாள்.

தெரியவில்லை என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"நான் அங்க வரட்டுமா, வேணாமா?"

"வா. மாடியில வெந்நீர் நல்லா வருது" என்றேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஆடி கடைசி வெள்ளி. பள்ளியிலிருந்து வந்தபோது ஐந்து மணி. கேட்டுக்கு வெளியே மேகலா நின்றிருந்தாள். தன் பம்ப் ரிப்பேரானால் கூப்பிட உதவும் என்று, அட்டையில் இருந்த கடை நம்பரை அன்றைக்கு என் முன்னாலேயே குறித்து வைத்திருந்தாள். அங்கே கேட்டு முகவரி வாங்கியிருக்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே அழைத்தேன்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்திருந்தாள். சண்டை போட வந்திருந்தால் போடட்டும் என்றுதான் இருந்தேன்.

"சௌந்தரின்னீங்க" என்றாள்.

"ஆமா."

"உசுரோட இருக்கறவங்களுக்குப் படைச்சிட்டன். பத்து வருசம். எவ்ளோ பெரிய பாவம்."

"உனக்குத் தெரியாதே."

"ஒக்கார வெச்சி சோறு வேற போட்டன். நீங்களும் சாப்ட்டீங்க."

"பசிச்சுது" என்றேன். அதுவும் உண்மைதான்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். வந்ததிலிருந்து என் முகத்தைப் பார்க்காதவள் அப்போதுதான் பார்த்தாள்.

"அவரு சொன்னதுல எது நெசம், எது பொய்ன்னு நாலு நாளா ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துகினு இருக்கன். எதயும் நம்ப முடியல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்கக்கா. வேற எதுவும் கேக்க மாட்டன். அந்தப் புள்ளயாவது நெசமா?"

"நெஜம்" என்றேன். "ரெண்டு நாள் இருந்தான். தலை நெறைய முடி."

அவள் தலை குனிந்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கேட்டாள். "பேரு வெச்சீங்களா?"

வைக்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டில்கூட அம்சவேணியின் ஆண் குழந்தை என்றுதான் இருந்தது. வயிற்றில் இருக்கும்போதே நான் ஒரு பெயரை மனதுக்குள் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவரிடம்கூடச் சொன்னதில்லை.

"நன்மாறன்" என்றேன்.

"நன்மாறன்" என்று அவளும் ஒரு முறை சொன்னாள். இன்னொருவர் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டது இன்றைக்குத்தான்.